கைக்கெட்டும் தூரம்

"தலையைப் பாத்துப் பிடிங்க மேடம், தொங்க விட்டுறாதீங்க!" என்று மேஸ்திரி கத்தினார்.

மருமகள் மாமனாரின் தலையை முழங்கை மடிப்பில் ஏந்திக்கொண்டாள். கால்பக்கம் மேஸ்திரி. இடுப்புக்கு இருபுறமும் ஒவ்வொருவர். கதவுக் கீல் செய்யும் அந்தச் சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் ப்ரஸ்ஸுக்கும் வாசலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சந்து. அதில் பாதி தூரம் போவதற்குள் நின்றுவிட வேண்டியதாயிற்று. குறுக்கே ஆமை நின்றிருந்தது.

ஆமை என்பது ஆட்கள் வைத்த பெயர். முழங்கால் உயரத்தில் தட்டையாக ஒரு சக்கர வண்டி. ஓட்ட ஆள் வேண்டாம். ப்ரஸ்ஸில் வெட்டி வளைத்த தகடுகளைத் தொட்டி தொட்டியாக முதுகில் சுமந்துகொண்டு, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று, பேக்கிங் மேசைவரை தானே போய்த் திரும்பும். பெரியவர் விழுந்ததைப் பார்த்ததும் மேஸ்திரி ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அறைந்திருந்தார். எல்லாம் நின்றுபோயின. ஆமையும் நின்ற இடத்திலேயே சக்கரத்தைப் பூட்டிக்கொண்டுவிட்டது.

"நகத்துங்க இதை!"

"பிரேக் விழுந்திருக்கு. சாவி சார்ஜிங் ரூம்ல..."

"சாவியா? மனுசன் போயிட்டிருக்காரு, சாவியாம்!"

பேக்கிங் மேசையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முதுகிலிருந்த தொட்டிகளைத் தூக்கி வீசினார்கள். தகடுகள் தரையெங்கும் சிதறிச் சறுக்கின. மூன்று பேர் ஒரு பக்கமாகத் தோள் கொடுத்து முட்டியதும், பூட்டிய சக்கரங்கள் சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு கிறீச்சிட்டன. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. பெரியவரைச் சாய்த்து, அலமாரியில் உரசி, எப்படியோ வெளியே கொண்டுவந்தார்கள். அவர் நெற்றியில் குறுக்காக ஒரு வெட்டு. கோடு கிழித்தது போல நேராக இருந்தது. அதிலிருந்து வழிந்த ரத்தம் மருமகளின் சட்டைக் கையில் சூடாக ஊறியது. 'மாமா, மாமா' என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவர் கண் பாதி திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது எதிரே ஒரு கார் வந்து ஒதுங்கி நின்றது. வரவேண்டிய ஆள்தான். பெரிய கட்டடங்களுக்குக் கதவு செய்து கொடுக்கும் கம்பெனிக்காரர். பட்டறை இந்தப் புது ஏற்பாட்டில் சொன்ன நேரத்துக்குச் சரக்குக் கொடுக்குமா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன் என்றிருந்தார். இரண்டு வாரமாகப் பட்டறையே அவருக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்தார். பிறகு ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அதிக நேரம் ஆகவில்லை. டாக்டர் வெளியே வந்து, "வீட்டுக்காரங்க யாரு?" என்று கேட்டபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஹார்ட்தான்மா. வரும்போதே உயிர் இல்ல."

"அப்ப நெத்தியில அந்தக் காயம்?"

"விழும்போது எதுலயாவது பட்டிருக்கலாம்."

"காயம் முதல்ல, அப்புறம் ஹார்ட்டுன்னு... அப்படி இருக்குமா சார்?"

"திடீர்னு பயந்தாக்கூட நிக்கிற ஹார்ட் நின்னுடும். எல்லாத்தையும் நாம இங்க உக்காந்து சொல்ல முடியாது."

பட்டிருக்கலாம். அந்த 'லாம்' அவள் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அது இறங்கவே இல்லை.

ஏனென்றால் நேற்று சாயங்காலம் அவள் ஒன்று செய்திருந்தாள்.

அந்த ப்ரஸ் பொல்லாதது. மேஸ்திரியின் வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது அதுதான். அதற்குப் பிறகு அதில் கை வைக்க யாரும் வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களும் மேஸ்திரியின் கையைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டோடு காணாமல் போனார்கள். கடைசியில் பெரியவரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ப்ரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்தார். மாடியிலிருந்து அத்தை நாளெல்லாம் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பாள். ஒரு அடி தாமதமானால் படியில் பாதி இறங்கிவிடுவாள். கீழே பட்டறை, மேலே வீடு என்பதால் எதையும் யாரும் மறைக்க முடியாது.

மருமகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய தொழிற்சாலையில் இந்த மாதிரி மெஷின்களோடு வேலை பார்த்தவள். ப்ரஸ்ஸுக்குள் தகடு வைக்க ஒரு ரோபோ வாங்கலாம் என்று அவள்தான் பேச்சை எடுத்தாள். இரண்டு கை, இரண்டு கால், தலை இருக்க வேண்டிய இடத்தில் கேமராக்கள் என்று அது பெட்டியிலிருந்து வெளியே வந்த அன்று, "பொம்மைக்கு நல்ல உடம்பு" என்றார் பெரியவர். ஆட்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். வேளாவேளைக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், மேலே தூசு படக்கூடாது, கொஞ்சம் சூடானால் ஃபேன் போட வேண்டும், வேலையோ ஆமையைவிட மெதுவாக. வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் மூன்றாவது மாதம் அது தகட்டை எடுத்து, ப்ரஸ்ஸுக்குள் வைத்து, கையை வெளியே எடுத்து, அடி விழுந்ததும் அடுத்ததை எடுக்க ஆரம்பித்தது. பெரியவர் அன்று முழுதும் அதன் பக்கத்திலிருந்து நகரவில்லை. "விரலைப் பத்திக் கவலையே இல்லாம வைக்குது பாரும்மா" என்றார்.

அங்கேதான் தொல்லை. ஆள் பக்கத்தில் வந்தால் அது நின்றுவிடும். நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்தத் தூரம் வைத்திருக்கிறது. பெரியவருக்கோ பக்கத்தில் போகாமல் இருக்க முடியாது. நேற்று ஒத்திகை பார்த்தபோது அவர் போகப் போக அது நின்று நின்று, ஒரு தொட்டி நிறைவதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது.

"இது என்ன, என்னைக் கண்டா வெக்கப்படுது? அந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைச்சு விடும்மா. நாளைக்கு ஒரு நாளைக்குத்தானே."

"நீங்க தள்ளி நின்னா போதும் மாமா."

"வர்ற ஆள் கேட்டா நான் வாசல்ல நின்னா பதில் சொல்லுவேன்? குறைச்சு விடு."

அவள் குறைத்துவிட்டாள். ஒரு ஆள் நீளம் இருந்ததைக் கைக்கெட்டும் தூரமாக.

பட்டறை வாசலில் வந்து இறங்கியபோது ஆட்கள் எல்லாரும் வெளியே நின்றிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் இல்லை. உள்ளே போனாள். அவர் மாப்பிள்ளையின் முன்னால் நின்றிருந்தார். கையில் ப்ரஸ் அச்சை நெம்பும் கடப்பாரை.

"சொல்லிட்டாங்களா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"சொல்லிட்டாங்க."

அவர் தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்தார். மருமகள் ஓடிப்போய் நடுவில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, நின்றுபோன நிலையில், நீட்டிய கையில் ஒரு தகட்டைப் பிடித்தபடி இருந்தது. தகட்டின் விளிம்பு அவள் முதுகில் பட்டது.

"தள்ளிப் போங்க மேடம்."

"டாக்டர் ஹார்ட்டுன்னு சொன்னாரு மேஸ்திரி."

"நெத்தியில கிழிச்சதும் ஹார்ட்டா?" அவர் விரல் இல்லாத கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதை எடுத்தது ப்ரஸ்ஸு. அது மேல எனக்குக் கோவமே கிடையாது. அது கண்ணில்லாதது. இதுக்குக் கண்ணு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? நாலு கண்ணு இருக்குன்னு சொன்னீங்க!"

"அது தொட்டுச்சான்னு நமக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பேக்கிங் அக்கா. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து கீல்களைத் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்குகிறவள். அழுதழுது குரல் உடைந்திருந்தது. "அது கையை நீட்டுச்சு. நான் பாத்தேன். இவர் கிட்டப் போனாரு, அது கையை நீட்டுச்சு, இவர் விழுந்துட்டாரு."

மருமகள் போனை எடுத்தாள். மாப்பிள்ளை செய்ததெல்லாம் அதில் வரும். ஆள் அருகில் வந்ததால் நின்றது. அதற்குப் பிறகு சிவப்புப் பொத்தான். கையில் எதுவும் இடித்ததாகப் பதிவில்லை. சத்தமாகப் படித்தாள்.

மேஸ்திரி கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது சொல்றதை நீங்கதானே படிச்சுச் சொல்றீங்க."

கையில் இடிக்கவில்லை, சரி. கையில் இருந்த தகடு? அது உரசினால் மெஷினுக்குத் தெரியுமா? தூரம் பழையபடி இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. முதுகில் பட்டுக்கொண்டிருந்த விளிம்பு நேராக, கோடு கிழித்தது போல இருந்தது.

"உடைக்கணும்னா உடைங்க" என்றாள். "ஆனா மாமா மேல வரட்டும். அவர் வீட்டுக்கு வர்ற நேரத்துல கீழ இந்தச் சத்தம் கேக்க வேணாம்."

மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். போகமாட்டேன் என்பது போல.

பெரியவரை மாடிக்கு ஏற்றினார்கள். கூடத்தில் படுக்க வைத்தார்கள். நெற்றியில் ஆஸ்பத்திரியில் ஒட்டிய பிளாஸ்திரி. அத்தை அழவில்லை, அவர் காலடியில் பாயில் உட்கார்ந்து அந்தப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர் போயிருந்த கணவன் மத்தியானம் வந்துசேர்ந்தான். அப்பாவின் அருகே மண்டியிட்டான். எழுந்தான். முகத்தைக் கழுவப் போகிறவன் போல மனைவியைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான்.

"தூரத்தைக் குறைச்சியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து போன்ல அப்பா சொன்னாரு. 'உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி அதோட வெக்கத்தைப் போக்கிட்டேன்'னு. சிரிச்சாரு."

"குறைச்சேன்."

"அவர் சொன்னா நீ செஞ்சிடுவியா? அவருக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அதுதான். அவள் குழாயைத் திறந்து சட்டைக் கையில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தேய்த்தாள். போகவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாத" என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். "இப்ப வேணாம். எப்பவுமே வேணாம்."

அவன் அதை அவளுக்காகச் சொன்னானா, அம்மாவுக்காகச் சொன்னானா, அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

கூடத்துக்குத் திரும்பியபோது அத்தை தலையைத் தூக்கினாள். சுற்றிலும் உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்தார் பேச்சை நிறுத்தினார்கள்.

"உன் மெஷின் அவரைத் தொட்டுச்சா?"

காலையிலிருந்து அத்தை அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. உன் மெஷின். நேற்றுவரைக்கும் அது 'நம்ம மாப்பிள்ளை'.

"தெரியல அத்தை" என்றாள். தொடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அத்தை மறுபடியும் பிளாஸ்திரியைப் பார்க்கத் தொடங்கினாள்.

வருகிறவர்களுக்குப் போட நாற்காலிகள் கீழே இருந்தன. எடுத்துவரும் சாக்கில் மருமகள் பட்டறைக்குள் இறங்கினாள். மேஸ்திரி அதே இடத்தில், தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தூங்கிவிட்டாரோ என்னவோ. மாப்பிள்ளையின் கையிலிருந்த தகட்டை மெல்ல உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. வேறொன்றும் இல்லை. ரத்தம் துடைபட்டுப் போயிருக்குமோ? தன் முதுகிலேயே துடைபட்டுப் போயிருக்குமோ? சட்டையைப் பின்னால் இழுத்துப் பார்க்க முயன்றாள். பார்க்க முடியவில்லை.

"அதுல இல்ல மேடம்."

பேக்கிங் அக்கா பின்னால் நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ப்ரஸ்ஸின் காலடியில் வெட்டிய தகடுகள் விழும் இரும்புத் தொட்டியைக் காட்டினாள். அதன் விளிம்பில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. கொஞ்சம் முடியும் ஒட்டியிருந்தது.

"இதுல விழுந்தாரு. அதுக்கு முன்னாடியே மாரைப் பிடிச்சுக்கிட்டு மடங்கிட்டாரு. அந்த மெஷின் அவரைப் பாத்ததும் நின்னுடுச்சு. நீட்டின கை நீட்டினபடி. தொடல."

"காலையில நீட்டுச்சுன்னு..."

"நீட்டுச்சுன்னுதான் சொன்னேன். தொட்டுச்சுன்னு நான் சொல்லல." அக்காவின் உதடு கோணியது. செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெட்டி மேல உக்காந்திருந்தாரு. மூஞ்செல்லாம் வேர்வை. என்ன மொதலாளின்னேன். இடது கை மரத்துப்போன மாதிரி இருக்கு, சரியாப் போயிடும்னாரு. மேடத்தைக் கூப்பிடுறேன்னு எந்திரிச்சேன். கையைப் பிடிச்சுட்டாரு. 'வாயைத் தொறந்த, அந்தப் பொண்ணு எல்லாத்தையும் நிறுத்திட்டு என்னைத் தூக்கிக்கிட்டு ஓடிடும். ராத்திரி பகலா உக்காந்து செஞ்சிருக்கு. இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்'னாரு. அந்த ஆள் வந்துட்டுப் போனதும் நானே டாக்டர்கிட்டப் போறேன்னாரு. சிரிச்சாரு மேடம். நானும் சரின்னு போய்ப் பெட்டி அடுக்கினேன்."

மருமகள் தொட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஏதோ ஒரு இறுக்கம் சட்டென்று அவிழ்ந்தது. தொடவில்லை. அடுத்த மூச்சில் அது வேறெங்கோ இன்னும் இறுக்கமாக முடிச்சிட்டுக்கொண்டது. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் நிறுத்திடும். ஆமாம், நிறுத்தியிருப்பாள். ஒரு நொடி யோசித்திருக்கமாட்டாள். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"நான் சொல்லியிருந்தா இருந்திருப்பாரா மேடம்?"

பட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதுபோல ஏதாவது சொல்லலாம். மருமகள் சொல்லவில்லை. அக்காவின் கையிலிருந்த செருப்பை வாங்கித் தரையில் வைத்தாள்.

"மேல வாங்க."

"அம்மா மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்?"

"தொடலன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை யாரும் கேக்கமாட்டாங்க."

நாற்காலிகளை ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பின்னால் மூன்றாவதாக ஒரு காலடிச் சத்தம் கேட்டது. மருமகள் திரும்பவில்லை. மேஸ்திரி தூங்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

கூடத்தில் பேக்கிங் அக்கா அத்தையின் முன்னால் போய் நின்றாள். நாற்காலியைக் கீழே வைக்க மறந்திருந்தாள்.

"நான் பாத்தேன்மா. மெஷின் தொடல. அய்யா தானா மடங்கித் தொட்டியில விழுந்தாரு."

வாசற்படியில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று. அவர் அக்காவைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். விரல் இல்லாத கையை இன்னொரு கைக்குள் மூடிக்கொண்டார். "தொட்டி விளிம்புல ரத்தம் இருக்கு. நானும் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். திரும்பிக் கீழே இறங்கிப்போனார்.

கணவன் நீளமாக மூச்சு விட்டது மருமகளுக்குக் கேட்டது. அவள் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் முகத்தில் ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பற்றிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ கையிலிருந்து பிடுங்கிவிட்டது போல, அத்தை தன் வெறும் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"காலையில வென்னீர் கேட்டாரு" என்றாள். யாரிடமும் சொல்வதாக இல்லை. "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு, முதுகைக் கொஞ்சம் தடவி விடுன்னாரு. தடவி விட்டேன். பாதி குடிச்சாரு. போதும்னுட்டுச் சட்டையை மாட்டிக்கிட்டு..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பேக்கிங் அக்காவின் கையிலிருந்த நாற்காலி தரையில் இடித்தது. மருமகள் அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவும் அவளைப் பார்க்கவில்லை. அத்தை பாயில் கொஞ்சம் நகர்ந்தாள். ஒரு ஆள் உட்காரும் இடம் உண்டாயிற்று. மருமகள் அக்காவின் தோளைப் பிடித்து அங்கே உட்காரவைத்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அத்தை அழத் தொடங்கினாள்.

சாயங்காலமாக ஆக உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். காரில் வந்து திரும்பிப்போன கம்பெனிக்காரர் போனில் கூப்பிட்டார். கேள்விப்பட்டேன், அவசரமில்லை, எல்லாம் முடியட்டும், பிறகு பேசலாம் என்றார். எதைப் பற்றிப் பேசலாம் என்று அவரும் சொல்லவில்லை, மருமகளும் கேட்கவில்லை. கீழே யாரோ சிதறிய தகடுகளை வாரித் தொட்டியில் போடும் சத்தம் கேட்டது. மேஸ்திரியாகத்தான் இருக்கும்.

கூடம் நிறைந்துவிட்டது. அடுப்படியில் பக்கத்துவீட்டுப் பெண் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"டம்ளர் பத்தலயே" என்று சுற்றிலும் தேடினாள். அடுப்பு மேடையின் மூலையில் ஒரு டம்ளர் இருந்தது. பாதிக்குத் தண்ணீர், ஆறிப்போய். கவிழ்த்துக் கழுவுவதற்காக எடுத்தாள்.

"அது வேணாம் அக்கா" என்றாள் மருமகள். "வேற எடுத்துத் தர்றேன்."

அதை வாங்கி, தளும்பாமல் மேல்தட்டில், யார் கையும் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுக்கத் தொடங்கினாள்.